வீட்டுமொழியும் விருந்துமொழியும்

சப்பான் நாட்டுத் தொடக்கப்பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்பு. வெளியில் நடந்த காலணிகளை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு, பள்ளிக்குள் அணிவதற்கென்றே உள்ள மென்காலணிகளை இட்டுக்கொண்டு பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். கரும்பலகையின் முன் இருவர் நிற்கின்றனர். ஒருவர் அவ்வகுப்பின் ஆசிரியர். மொழி, கணக்கு, வரலாறு என்று பெரும்பாலான பாடங்களை அவரே அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். எந்தப் பிள்ளைக்கு எது எளிதில் விளங்கும், எந்தப் பிள்ளை எதற்குக் கூசி நிற்கும் என்பதை அவர் அறிவார். மற்றொருவர் கடல் கடந்து வந்தவர். அவர் படம் எழுதிய அட்டை ஒன்றை உயர்த்திக் காட்டி ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறார். வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிச் சொல்கிறது. அடுத்த அட்டை, அடுத்த சொல். 45 மணித்துளிகள் கழிந்ததும் மணி அடிக்கிறது. அயலவர் கையசைத்து விடைபெறுகிறார். நாளை அவர் வேறொரு பள்ளியில் இருப்பார். வகுப்பாசிரியரோ அடுத்த பாடத்தைத் தம் தாய்மொழியில் தொடங்குகிறார்.

காண்பதற்கு இனிய காட்சிதான். ஆயினும் இக்காட்சிக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டுப் பூசல் ஒன்று ஒளிந்து கிடக்கிறது. ஒரு நாட்டின் பிள்ளைக்கு அயன்மொழியை எந்த அகவையில் கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது? எவர் கையால் கொடுப்பது? அதைக் கொடுக்கும்பொழுது அப்பிள்ளையின் சொந்த மொழிக்கு என்ன நேர்கிறது? இவ்வினாக்களைச் சப்பானியர் தமக்குள் பன்முறை எழுப்பிக்கொண்டனர். ஒருமுறை தடுமாறியும் ஒருமுறை தெளிந்தும் அவர்கள் நடந்துவந்த வழியை, தாய்மொழிப் பற்றுடையார் ஒவ்வொருவரும் நன்கு ஆய்ந்தறிதல் வேண்டும்.

ஆங்கிலமே போதும் என்ற அமைச்சர்

மெய்சி ஆட்சி தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த 1872இல், அமெரிக்காவில் சப்பானின் அரசுத் தூதராக இருந்த மோரி அரினோரி என்பார், ஏல் பல்கலைக்கழக மொழியறிஞர் உவிட்னிக்கு ஒரு மடல் எழுதினார். புதிய உலகின் அறிவைத் தாங்கும் ஆற்றல் சப்பானிய மொழிக்கு இல்லை. ஆகலின் எளிமைப்படுத்திய ஆங்கிலத்தைத் தம் நாட்டு மொழியாக ஏற்றுக்கொள்ளலாமா என்பது அம்மடலின் சாரம். மோரி எளிய ஆள் அல்லர். பின்னர் 1885இல் சப்பானின் முதற் கல்வியமைச்சராக அமர்ந்தவர். நாட்டுப்பற்றுக் குறைந்தவரும் அல்லர். மேலை நாடுகளின் கப்பல்களையும் பீரங்கிகளையும் கண்டு மருண்ட உள்ளம், அவற்றின் வலிமை அவர்தம் மொழியில் அடங்கியிருப்பதாக எண்ணிவிட்டது. மருட்சியில் பிறந்த எண்ணம் அது.

வியப்பு என்னவெனில், அம்மருட்சியைத் தெளிவித்தவர் ஆங்கிலம் பேசும் அயலவரே. ஒரு மக்களின் பண்பாடு அவர்தம் சொந்த மொழி வழியாகவே பெருந்திரளான மக்களைச் சென்றடைய முடியும். தாய்மொழியைத் துறக்கவேண்டா என்று உவிட்னி மறுமொழி எழுதினார். அப்பொழுது இங்கிலாந்தில் பயின்றுகொண்டிருந்த பாபா தத்சுயி என்னும் இளைஞரோ 1873இல் இலண்டனில் சப்பானிய மொழிக்கு ஓர் இலக்கண நூலையே எழுதி வெளியிட்டார். இலக்கணம் எழுதத்தக்க மொழி எங்ஙனம் ஏழைமொழி ஆகும் என்பதே அந்நூலின் உள்ளுறை. அதன் முன்னுரையில் அவர் மற்றுமொன்றை எடுத்துக்காட்டினார்: ஆங்கிலம் நாட்டு மொழியானால், அதைக் கற்க ஓய்வும் பொருளும் உடைய மேலோர் ஒருபுறமும், உழைத்துண்ணும் எளியோர் மறுபுறமுமாக நாடு இரண்டாகப் பிளந்துபோகும், அரசியல் மேலோர் கைக்குள்ளேயே நின்றுவிடும். இருபதைச் சற்றே கடந்த இளைஞர் ஒருவர் கண்ட இவ்வுண்மையை, இன்றும் காணாதார் பல நாடுகளில் உயர்ந்த இருக்கைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

சொல் படைத்த கைகள்

மோரியின் எண்ணம் வீழ்ந்ததற்கு அவ்விருவர் எழுத்தும் மட்டுமே கரணியம் அன்று. அவர்களுக்கு நெடுநாள் முன்பே சொற்படைப்போர் வேலையைத் தொடங்கியிருந்தனர். சுகிதா கெம்பாக்கு முதலான மருத்துவர்கள் இடச்சு மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்றை வரிவரியாக அவிழ்த்து 1774இல் தம் நாட்டவர் படிக்கும்படி வெளியிட்டனர். நரம்பைக் குறிக்கச் சப்பானியர் இன்றும் வழங்கும் 'சின்கெய்' என்னும் சொல் அந்நூலில் படைக்கப்பட்டதே. மெய்சிக் காலத்தில் நிசி அமானே என்னும் அறிஞர் மெய்யியலுக்குத் 'தெத்சுகாகு' என்று பெயரிட்டார். அரசியல், பொருளியல், அறிவியல் என ஒவ்வொரு துறைக்கும் அவ்வாறே சொற்கள் படைக்கப்பட்டன. சீனத்துச் சொல்லுறுப்புகளைக் கொண்டு கட்டப்பட்ட அச்சொற்களிற் பல, பின்னர்ச் சீனத்துக்கே சென்று வழங்கலாயின.

அக்காலத்தில் உயர்கல்வி நிலையங்களில் அயல்நாட்டு ஆசிரியர்கள் பெரும் ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டிருந்தனர். பாடங்கள் ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் பிரெஞ்சிலும் நடந்தன. ஆனால் அவ்வாசிரியர்களை என்றென்றும் வைத்திருக்கும் எண்ணம் சப்பானியர்க்கு இருந்ததில்லை. அவர்களிடம் கற்ற சப்பானியர் அவர்களின் இடத்துக்கு வந்தனர். பாடமும் சப்பானிய மொழிக்கு மாறிற்று. தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த இலாப்காடியோ எர்ன் 1903இல் விலகியபொழுது, அவ்விடத்தை நிரப்பியவருள் ஒருவர் புதின ஆசிரியர் நாத்சுமே சோசெக்கி.

மாணவரின் ஆங்கிலத் திறன் முன்பினும் குறைந்துவிட்டதே என்று சிலர் புலம்பிய காலத்தில், 1911இல், அந்தச் சோசெக்கி கூறிய கருத்து பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்கது. கல்வி சப்பானிய மொழியில் ஒழுங்காக நடைபெறுவதால் விளைந்த இயல்பான விளைவே அக்குறைவு என்றார் அவர். எல்லாப் பாடங்களையும் அயன்மொழியில் படித்த தலைமுறைக்கு அம்மொழி கைவந்தது உண்மையே. ஆனால் அது நாட்டுக்குச் சொந்தக் கல்வி இல்லாத காலத்து நிலை. கல்வி தாய்மொழிக்குத் திரும்பியபின் அயன்மொழித் திறன் சிறிது தாழ்வது இயற்கை. அதை இழப்பாக எண்ணலாகாது என்பது அவர் தெளிவு. ஆங்கிலத்தையே கற்பித்து வாழ்ந்த ஒருவர் இதைக் கூறினார் என்பதே இதன் பெருமை.

தொடக்கப்பள்ளிக்குள் ஆங்கிலம் நுழைந்த கதை

போருக்குப் பின் 1947இல் அமைந்த புதிய நடுநிலைப் பள்ளிகளில், ஏழாம் ஆண்டிலிருந்து ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. சட்டப்படி அது விருப்பப் பாடமே. நடைமுறையில் ஏறத்தாழ எல்லா மாணவரும் படித்தனர். கற்பித்தவர் சப்பானிய ஆசிரியர். கற்பித்த மொழியும் சப்பானியம். படிப்பதும் மொழிபெயர்ப்பதும் இலக்கணமுமே பாடம். பேச்சுக்கு இடம் குறைவு.

இதனை மாற்ற வேண்டும் என்ற குரல் வணிகர் இடையேயும் அரசியலார் இடையேயும் எழுந்தது. 1977இல் அமெரிக்காவிலிருந்தும் 1978இல் பிரித்தானியாவிலிருந்தும் சிலரை வரவழைக்கும் சிறு திட்டங்கள் தொடங்கின. 1987இல் அவை இணைந்து, 'செட்' எனச் சுருங்க அழைக்கப்படும் பெருந்திட்டமாக உருவெடுத்தன. அவ்வாண்டு அமெரிக்கா, பிரித்தானியா, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்திறங்கினர். சப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் வணிகப் பூசல் முற்றியிருந்த காலம் அது. தன் கதவுகள் திறந்திருக்கின்றன என்று உலகுக்குக் காட்டவேண்டிய நெருக்கடி சப்பானிய அரசுக்கு இருந்தது. ஆகலின் மொழி கற்பிப்பதோடு நாட்டுறவை வளர்ப்பதும் அத்திட்டத்தின் நோக்கமாயிற்று என்பதை மறத்தலாகாது. வந்தவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருந்தால் போதும். ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. அவர்கள் பெற்ற பெயரும் துணைமொழியாசிரியர் என்பதே.

அதன்பின் படிப்படியாக ஆங்கிலம் கீழ்வகுப்புகளுக்கு இறங்கிற்று. 2000ஆம் ஆண்டில் தலைமையமைச்சர் ஒபுச்சி அமைத்த ஆய்வுக்குழு, ஆங்கிலத்தை நாட்டின் இரண்டாம் ஆட்சிமொழியாக்குவதுபற்றி எண்ணிப் பார்க்கலாம் என்று எழுதிற்று. மோரியின் ஆவி மீண்டும் எழுந்ததோ எனப் பலர் திடுக்கிட்டனர், அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. ஆயினும் 2002 முதல் தொடக்கப்பள்ளிகளின் பொதுக்கற்றல் நேரத்தில் ஆங்கிலச் செயற்பாடுகளுக்கு இசைவு கிடைத்தது. 2011இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆண்டுக்கு 35 பாடவேளைகள் அயன்மொழிச் செயற்பாடு கட்டாயமாயிற்று. அதற்கு மதிப்பெண் இல்லை. 2020இல் அவ்விரு வகுப்புகளிலும் ஆங்கிலம் ஆண்டுக்கு 70 பாடவேளை கொண்ட முழுப் பாடமாகி, மதிப்பீடும் வந்தது. 35 பாடவேளைச் செயற்பாடு மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு இறங்கிற்று.

எதிர்ப்பு இல்லாமல் இது நடந்துவிடவில்லை. கெய்யோ பல்கலைக்கழக மொழியியல் அறிஞர் ஓத்சு யுக்கியோ தொடக்கப்பள்ளி ஆங்கிலத்தை நெடுங்காலம் எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்தார். தாய்மொழியின் அமைப்பை உணர்ந்து நுகரும் அறிவே பின்னர் எந்த மொழியையும் கற்க அடிப்படையாகும் என்பது அவர் கொள்கை. கணக்கறிஞர் பூசிவாரா மசாயிக்கோவோ தொடக்கப்பள்ளிக்கு முதலில் வேண்டியது தாய்மொழி, அடுத்து வேண்டியதும் தாய்மொழியே என்று இடித்துரைத்தார். 2006இல் கல்வியமைச்சராகப் பொறுப்பேற்ற இபுக்கி புன்மெய், தம் அமைச்சின் அறிவுரைக் குழு கட்டாய ஆங்கிலத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபொழுதே, செவ்விய சப்பானிய மொழி கைவராத பிள்ளைக்கு அயன்மொழி எதற்கு என்று வெளிப்படையாக வினவினார். கல்வியமைச்சர் ஒருவரே அவ்வாறு கேட்கும் துணிவு அந்நாட்டில் இருந்தது. அவர் கருத்து வெல்லவில்லை. ஆனால் அவ்வினா எழுந்ததால்தான் ஆங்கிலம் அளவோடு நுழைந்தது எனலாம்.

அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டில் உள்ள 850 பாடவேளைகளுள் 306 தாய்மொழிக்கே உரியவை. ஆறாண்டுகளில் தாய்மொழிப் பாடவேளைகள் மொத்தம் 1,461. அக்காலத்தில் பிள்ளைகள் 1,026 சீனவெழுத்துகளைக் கற்று முடிக்கின்றனர். ஆங்கிலத்துக்கோ நான்காண்டுகளில் மொத்தம் 210 பாடவேளைகளே. ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். முதலிரண்டு வகுப்புகளில் நாடு முழுமைக்குமான பாடத்திட்டத்தில் ஆங்கிலமே இல்லை. கணக்கும் அறிவியலும் வரலாறும் ஒரு சொல்கூட ஆங்கிலத்துக்கு மாறவில்லை. சுருங்கக் கூறின், சப்பானிய வீட்டுக்கு ஆங்கிலம் விருந்தாக வந்திருக்கிறது, வீட்டுக்காரரை வெளியேற்றவில்லை.

ஒலிநாடாவாக நிற்கும் மாந்தர்

இனி, அந்த விருந்துமொழியைச் சுமந்து வந்த அயலவரின் நிலையைப் பார்க்க வேண்டும்; ஏனெனில் மொழிக்கொள்கையின் பிழைகள் எல்லாம் இறுதியில் மாந்தர் முதுகிலேயே இறங்குகின்றன.

சட்டப்படி வகுப்புக்குப் பொறுப்பு உரிமம் பெற்ற சப்பானிய ஆசிரியருக்கே. அயலவர் துணைவர். ஆனால் தொடக்கப்பள்ளி ஆசிரியருள் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெறாதவர்கள். எனவே வகுப்பாசிரியர் தம் ஒலிப்புக்குக் கூசி ஒதுங்கி நிற்க, துணைவரே முழுப்பாடத்தையும் நடத்தும் நிலை பல இடங்களில் உண்டாயிற்று. வேறு சில இடங்களில் துணைவர் வாய்திறக்கும் கருவியாகவே நிற்கிறார். 'சொல்' என்றால் சொல்வார், 'நிறுத்து' என்றால் நிறுத்துவார். மாந்த ஒலிநாடா என்று அவர்கள் தங்களைத் தாங்களே நகைத்துக்கொள்வது இதனாலேயே.

அமர்த்தும் முறையோ இதனினும் கொடிது. செட் திட்டத்தின் வழி வருவோர்க்கு ஓரளவு நல்லூதியமும் உறுதியும் உண்டு. அவர்களும் ஐந்தாண்டுகட்கு மேல் அத்திட்டத்தில் இருத்தல் இயலாது. கல்வி வாரியங்கள் நேரே அமர்த்துவோர் பலர்க்கு ஓராண்டு ஒப்பந்தமே. மிகப் பலரையோ ஆளனுப்பும் தனியார் நிறுவனங்கள் வாயிலாகவே வாரியங்கள் பெறுகின்றன. வாரியம் செலவைக் குறைக்கிறது. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதே கற்பிப்பவர் கைக்கு வருகிறது. பள்ளி விடுமுறைத் திங்களில் ஊதியம் குறைந்தோ நின்றோ போவதும் உண்டு.

இதில் நகைப்புக்கிடமான முடிச்சு ஒன்றும் உள்ளது. வேலையை ஒப்பந்தமாக வெளியாருக்குக் கொடுத்துவிட்டால், அந்நிறுவனத்தின் ஆளுக்குப் பள்ளியாசிரியர் நேரே வேலைக் கட்டளை இடுதல் சப்பானியத் தொழிற்சட்டப்படி கூடாது. இட்டால் அது மறைமுக ஆளனுப்பலாகிக் குற்றமாகும். ஒரே வகுப்பில், ஒரே கரும்பலகையின் முன், ஒரே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இருவர், 'இச்சொல்லை இன்னொருமுறை சொல்லுங்கள்' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதுகூடச் சட்டச் சிக்கல் ஆகிறது! கல்வியைக் கடைச்சரக்காகக் கொள்முதல் செய்தால் நேரும் கோளாறு இது. பிள்ளைக்கு முன்னால் நிற்பவர் இருவரும் மனமொத்துப் பேசிக்கொள்ளாவிடின், அங்கே எந்த மொழியைத்தான் கற்பிக்க இயலும்?

அயலவரை இகழ்வது அறமன்று. அவர்களுள் பெரும்பாலோர் நன்னோக்கம் உடைய இளைஞர். நண்பகலில் பிள்ளைகளே வெள்ளை மேலாடை அணிந்து பரிமாறும் பள்ளியுணவை அவர்களோடு அமர்ந்து உண்கின்றனர். உணவுக்குப் பின் பிள்ளைகள் வகுப்பறையைத் துடைக்கும்பொழுது தாமும் துடைப்பத்தைக் கையிலெடுக்கின்றனர். தன் ஊரில் அயல்நாட்டார் முகத்தையே பார்த்தறியாத மலையூர்ப் பிள்ளை, உலகம் பெரியது என்றும் அதிலுள்ள மாந்தர் தன்னைப் போன்றவரே என்றும் அந்த உணவு வேளையில் உணர்ந்துகொள்கிறது. அட்டை காட்டிச் சொல்லும் இருபது சொற்களைவிட அது பெரிய பாடம்.

பிழை, ஒரு மொழியைப் பேசப் பிறந்தவர் எல்லாரும் அம்மொழியைக் கற்பிக்க வல்லவர் என்னும் மூடநம்பிக்கையில் உள்ளது. கற்பித்தல் என்பது பிள்ளை நிற்கும் இடத்துக்குச் சென்று, அதன் கையைப் பற்றி அழைத்து வருவது. அதற்குப் பிள்ளை நிற்கும் இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். அவ்விடமோ அதன் தாய்மொழி. சப்பானியத்தில் தமிழைப் போலவே வினை சொற்றொடரின் இறுதியில் நிற்கும். உருபுகள் பெயருக்குப் பின்னே வரும். ஆங்கிலத்தில் வினை இடையில் வந்து நிற்கிறது. சப்பானிய ஒலிமுறையில் மெய்யும் உயிரும் சேர்ந்தே நடக்கும்; தனிமெய்கள் அடுக்கி வாரா. ஒரே அசையில் முடியும் 'இசுட்ரைக்' என்னும் ஆங்கிலச் சொல் சப்பானியப் பிள்ளையின் வாயில் 'சுத்தொராய்க்கு' என்று ஐந்தளவாக நீள்வது அதன் அறிவுக் குறைவால் அன்று. அதன் மொழி அதற்கு அளித்த செவியால். லகரமும் ரகரமும் ஒன்றாகவே கேட்பதும் அவ்வாறே.

மூன்றாம் வகுப்பில் அப்பிள்ளை சப்பானியத்தை உரோம எழுத்தில் எழுதவும் கற்கிறது. எம், ஏ, டி, ஈ என்னும் நான்கெழுத்துகளை அம்முறைப்படி படித்தால் 'மதே'. சப்பானியத்தில் 'வரை' என்று பொருள். அதே நான்கெழுத்துகளை ஆங்கிலப் பாடத்தில் 'மேடு' என்று படிக்கச் சொன்னால் பிள்ளை திகைக்காதா? ஏன் இந்த வேறுபாடு என்று அதற்கு விளக்க வேண்டியவர் இரு மொழிகளையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். சப்பானியம் அறியாத அயலவர் சிரித்துக்கொண்டே மீண்டும் 'மேடு' என்று சொல்ல முடியுமே தவிர, திகைப்பை அவிழ்க்க முடியாது. ஆகவேதான் சப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரில் தங்கிவிட்ட அயலாசிரியர்கள் சிறந்து விளங்குகின்றனர். அவர்கள் ஆங்கிலத்தால் சிறந்தவர்கள் அல்லர், சப்பானியத்தால் சிறந்தவர்கள். அத்தகையோர்க்கே ஓராண்டு ஒப்பந்தமும் நாளை என்னவோ என்னும் அச்சமும் மிஞ்சுகின்றன என்பதுதான் கொடுமை.

210 பாடவேளைகளை மணிக்கணக்காக்கினால் 157 மணியும் அரையும்; இடைவிடாது ஓட்டினால் ஏழு நாள்கூட நிரம்பாது. இவ்வளவில் எந்தப் பிள்ளையும் ஆங்கிலம் பேசிவிடப் போவதில்லை. அதை அறிந்த பெற்றோருள் பொருளுடையார் தனியார் உரையாடல் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகின்றனர். இல்லாதார் பிள்ளைகள் பள்ளியில் கிடைப்பதோடு நின்றுவிடுகின்றனர். மதிப்பீடு வந்தபின் இவ்விடைவெளி தாளிலும் பதிகிறது. பாபா தத்சுயி அன்று அஞ்சிய பிளவு, சிறிய அளவிலேனும், பத்தகவைப் பிள்ளைகளிடையே இன்று முளைவிடுகிறது. 2022 முதல் மேல்வகுப்புகளில் சில பாடங்களுக்குத் தனிப்பாட ஆசிரியரை அமர்த்தும் முறையைச் சப்பானிய அரசு விரிவாக்கி வருகிறது. ஆங்கிலமும் அவற்றுள் ஒன்று. பயிற்சி பெற்ற, தம் மொழியும் அயன்மொழியும் அறிந்த ஆசிரியரே தேவை என்பதைக் காலந்தாழ்த்தேனும் உணர்ந்ததன் அடையாளம் இது.

ஆங்கிலம் பேசாமல் பெற்ற நோபல் பரிசு

ஆங்கிலமில்லையேல் அறிவியலில்லை என்போர் 2008ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர் மசுகாவா தோசியிதே. பரிசு பெறும் வரையில் அவர் அயல்நாடே சென்றதில்லை. தாக்கொல்ம் நகரில் தமக்கு ஆங்கிலம் பேசவராது என்று கூறிவிட்டு, தம் பரிசுரையைச் சப்பானிய மொழியிலேயே நிகழ்த்தினார். அவையோர்க்காகத் திரையில் ஆங்கில வரிகள் ஓடின. அவரும் கொபயாசி மக்கோத்தோவும் 1973இல் வெளியிட்ட கட்டுரை ஆங்கிலத்தில் வந்ததே என்பதும் உண்மை. அதனால் என்ன? தம் எண்ணத்தை உலகுக்கு அறிவிக்க ஆங்கிலத்தைப் பயன்படுத்தினர். எண்ணுவதற்குத் தாய்மொழி இருந்தது. அயன்மொழி பலகணியாக இருக்கலாம். தரையாக இருத்தல் இயலாது. பலகணி இல்லாத வீடு புழுங்கும். தரையில்லாத வீட்டில் எவரும் நிற்கவே முடியாது.

நடுநிலை தவறாதார் மற்றொன்றையும் கூறியாக வேண்டும். தம் மொழியை இவ்வளவு போற்றிய சப்பானிய அரசு, பிறர் மொழியை அவ்வாறு போற்றவில்லை. ஓக்கினாவாத் தீவுப் பள்ளிகளில் தம் வீட்டுமொழியைப் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் 'வட்டாரமொழிப் பலகை' தொங்கவிடப்பட்டது. அடுத்து வாய்தவறும் பிள்ளையைக் கண்டுபிடித்து அதன் கழுத்துக்கு மாற்றும்வரை அவ்விழிவை முதற்பிள்ளை சுமக்க வேண்டும். சப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியாவில் 1938க்குப் பின் கொரியமொழி கட்டாயப் பாடமாக இல்லாமற் போயிற்று. 1940இல் பெயர்களையே சப்பானிய முறைக்கு மாற்றும்படி மக்கள் நெருக்கப்பட்டனர். வடக்கே வாழும் அயினு மக்களின் மொழி, 2009இல் ஐக்கிய நாடுகளின் கல்விப் பண்பாட்டு நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், அழிவின் விளிம்பில் நிற்பதாகக் குறிக்கப்பெற்றது. இன்றும், சப்பானியம் தெரியாமல் பள்ளிக்கு வரும் குடியேறிகளின் பிள்ளைகள் பல்லாயிரவர். அவர்கட்குச் சப்பானியம் கற்பிக்க ஆளில்லாத பள்ளிகள் உண்டு. ஆங்கிலம் கற்பிக்க அயலவரைத் தேடிப்பிடிக்கும் அரசு, அருகில் திகைத்து நிற்கும் அப்பிள்ளையையும் திரும்பிப் பார்த்தல் வேண்டும். தன் தாயைப் போற்றுவான் பிறன் தாயைப் பழித்தல் ஆகாது.

கொள்ள வேண்டியவை

சப்பானின் பட்டறிவிலிருந்து தேறும் முடிவுகள் மூன்று.

முதலாவது, அயன்மொழி வேறு, அயன்மொழி வழிக்கல்வி வேறு. சப்பான் ஆங்கிலத்தை ஒரு பாடமாகவே கொண்டது. பாடங்களின் மொழியாகக் கொள்ளவில்லை. தமிழகத்தில் இவ்விரண்டையும் குழப்பியே மக்கள் ஏமாற்றப்படுகின்றனர். 'சப்பானே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது' என்று மேடைதோறும் முழங்குவோர், அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கை எம்மொழியில் போடுகிறது என்பதை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிடுகின்றனர். கிழமைக்கு இரண்டு பாடவேளை ஆங்கிலத்துக்குச் சப்பானியர் நூற்றாண்டுக் காலம் எண்ணித் துணிந்தனர். மழலை மாறாத பிள்ளையின் எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்திடம் ஒப்படைக்கத் தமிழ்ப் பெற்றோர் ஒரு பொழுதுகூட எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, அயன்மொழியைக் கற்பிக்கத்தக்கவர் அம்மொழியிற் பிறந்தவர் என்பதைவிட, பிள்ளையின் மொழியை அறிந்த பயிற்சி பெற்ற ஆசிரியர் என்பதே உண்மை. அயலவர் வருவாராயின் விருந்தினராக, மதிப்போடும் உறுதியான ஊதியத்தோடும் வரட்டும். ஆண்டுதோறும் மாற்றி எறியும் கருவியாக அன்று. தம் நாட்டு வகுப்பாசிரியரை அவர்க்குப் பின்னால் ஊமையாக நிறுத்தவும் வேண்டா. ஆசிரியர் கூசி நிற்பதைக் காணும் பிள்ளை, ஆங்கிலத்தை மட்டும் கற்பதில்லை. தன்னவர் தாழ்ந்தவர் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது, ஒரு மொழி வலிமை பெறுவது அதற்குப் போற்றி பாடுவதால் அன்று. அதில் வேலை செய்வதால். சுகிதாவும் நிசியும் சொற்களைப் படைத்தனர். பாபா இலக்கணம் எழுதினார். பெயர் தெரியாத ஆயிரமாயிரம் ஆசிரியர் அச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளின் வாயில் பழக்கினர். அதனால்தான் மோரியின் மடல் இன்று ஒரு வரலாற்றுச் செய்தியாக மட்டும் நிற்கிறது. அவ்வேலை நடவாத நாட்டில் மோரிகள் அமைச்சராவதோடு நில்லாமல் வென்றும் விடுவர்.

ஐந்தாம் வகுப்பில் மணி அடித்துவிட்டது. அயலவர் விடைபெற்றுச் சென்றுவிட்டார். வகுப்பாசிரியர் கரும்பலகையிலுள்ள ஆங்கில எழுத்துகளைத் துடைத்துவிட்டு, அறிவியல் பாடத்தைத் தம் மொழியில் எழுதத் தொடங்குகிறார். கற்றுக்கொண்ட இருபது ஆங்கிலச் சொற்களுள் பத்தைப் பிள்ளைகள் மாலைக்குள் மறந்துவிடக்கூடும், அதனால் பெருங்கேடில்லை. அடுத்த மணியில் தம் மொழியில் எழுதப்போவதை அவர்கள் வாழ்நாள் முழுதும் சுமந்து செல்வர். எதை மறந்தால் பிழையில்லை, எதை மறந்தால் வாழ்வில்லை என்பதை அறிந்து வகுத்த நாடு தலைநிமிர்ந்து நிற்கிறது. அதை அறியாத நாட்டில் பிள்ளைகள் இரண்டையும் மறந்து நிற்பர்.